பத்தொன்பது ஆண்டுகள் உறங்கிய இஞ்சின்

தேனி ஜில்லாவின் மேற்கு ஓரத்தில், ஏலமலையின் காலடியில் இருக்கிறது தேவாரம். ஊரின் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் மலைதான் கண்ணில் படும். மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். இப்பால் தோட்டத்துக்குப் போகும் ஜனங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஜீப். பொழுது விடிவதற்கு முன்பே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. தூக்குச் சட்டியும் போர்வையுமாக ஆண்களும் பெண்களும் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்து கொள்ள, வண்டி மலையேறுகிறது. மாலையில் அதே வண்டி அவர்களையும், சில நாட்களில் சாக்குச் சாக்காகக் காயையும் கீழே கொண்டு வருகிறது. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இருக்கிறது. ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் என்று அதைச் சொன்னால் தமிழ் அறிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஏலத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு காயும் ஏதோ ஒரு ஜீப்பில் குலுங்கி வந்ததுதான்.

அப்படிப்பட்ட ஒரு ஜீப்பைப் பார்க்கத்தான் நாம் தேவாரம் போயிருந்தோம். அது ஓடும் ஜீப் அல்ல. பத்தொன்பது ஆண்டுகளாகக் காய் உலர்த்தும் கொட்டகையின் ஒரு மூலையில் நின்றிருந்த ஜீப். உடையவர் ஒரு சிறு தோட்டக்காரர். நாற்பது வயது இருக்கலாம். வண்டி அவருடைய தகப்பனார் வாங்கியது. தகப்பனார் காலமான வருஷத்தில் நிறுத்தியது, நிறுத்தியபடியே நின்றுவிட்டது.

"இதை வாங்குவதற்கு அம்மா தன் காப்பை விற்றார்கள். அதனால் எடைக்குப் போட மனம் வரவில்லை. ஆனால் கொட்டகையில் இடம் வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?" என்றார் அவர்.

யோசனை சொல்ல ஊரில் ஆள் இல்லாமலா போகும்? பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு விலை சொல்லியிருந்தார். உறவினர் ஒருவர், "பெட்ரோல் இஞ்சினைத் தூக்கி எறி, டீசல் இஞ்சின் ஒன்றை வைத்துவிடு" என்று சொல்லியிருந்தார். மூன்றாவது யோசனை சொன்னவர் எழுபது வயதை நெருங்கிய ஒரு மெக்கானிக்.

"தம்பி, மூடியைத் திறக்காமலே சோறு கெட்டுப் போச்சுன்னு சொல்லலாமா? முதல்ல ஹெட்டைக் கழற்றிப் பார்ப்போம். அப்புறம் இரும்புக் கடையா, வேறயான்னு முடிவு பண்ணலாம்" என்றார் அவர்.

மூடியின் மகிமை

வீட்டில் இட்டிலிப் பானை வைத்திருக்கும் நம் சகோதரிகளுக்கு ஸிலிண்டர் ஹெட் என்றால் என்ன என்று விளங்க வைப்பது கடினமல்ல. பானையின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் ஆவி வெளியே போய்விடும், இட்டிலி வேகாது. இஞ்சினிலும் அப்படியே. பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை நசுக்குகிறது. பொறி பட்டதும் கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்த வேகத்தையெல்லாம் மேலே தடுத்து நிற்கும் கனத்த இரும்பு மூடிதான் ஹெட். மூடிக்கும் பானைக்கும் நடுவே கேஸ்கட் என்ற மெல்லிய தகடு. மூடியின் உள்ளே தண்ணீர் ஓடுவதற்கு வழிகள். கலவை உள்ளே வருவதற்கும் புகை வெளியே போவதற்கும் வால்வு என்ற கதவுகள். இத்தனையும் ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தால்தான் வண்டி மலையேறும்.

இந்த ஜீப்பின் இஞ்சினில் ஒரு விசேஷம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ் பெற்ற ஜீப்புக்கு அமெரிக்காவில் டொலிடோ நகரத்து வில்லிஸ் ஓவர்லாண்ட் கம்பெனி செய்த இஞ்சினில் எல்லா வால்வுகளும் பக்கவாட்டில், ஸிலிண்டர் பிளாக்கிலேயே இருந்தன. அதன் ஹெட் வெறும் தட்டையான மூடி. சக்தி 60 குதிரை. யுத்தம் முடிந்த பிறகு, பார்னி ரூஸ் என்ற அதே எஞ்சினீயரின் தலைமையில் அந்த இஞ்சினைத் திருத்தினார்கள். கலவை வரும் வால்வுகளை மட்டும் தூக்கி ஹெட்டில் வைத்தார்கள். புகை போகும் வால்வுகளைப் பிளாக்கிலேயே விட்டார்கள். கதவு பெரிதாயிற்று, காற்று தாராளமாக வந்தது, அதே 134 கன அங்குல இஞ்சின் 72 குதிரைச் சக்தி தந்தது. 'ஹரிக்கேன்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஹெட் உயர்ந்துவிட்டபடியால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 1953-இல் வந்த அந்த ஸி.ஜே. 3பி என்ற ஜீப்பின் உயர்ந்த நெற்றிக்குக் காரணம் இதுதான்.

நம் நாட்டுக்கு ஜீப் வந்த கதையும் சுவாரஸ்யமானது. 1945-இல் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதும் கூட்டாக 'மஹிந்திரா அண்ட் முகம்மத்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1947-இல் நாடு இரண்டாயிற்று. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகப் போனார். 1948-இல் கம்பெனியின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆயிற்று. முதலில் பாகங்களாகப் பெட்டியில் வந்திறங்கிய ஜீப்பை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கே வார்க்கவும் கடையவும் கற்றுக் கொண்டார்கள். ஸி.ஜே. 3பி உற்பத்தி அமெரிக்காவில் 1968-இல் நின்று போயிற்று. நம் நாட்டிலோ அதே முகம் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் மலைப்பாதைகளில் ஓடிற்று. தேவாரத்துக் கொட்டகையில் நின்றது அந்த வம்சத்தைச் சேர்ந்த, ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி.

அவசரக்காரனுக்கு உடைந்த இஞ்சின்

நெடுநாள் நின்ற வண்டியைக் கண்டதும் எவருக்கும் முதலில் தோன்றுவது, புதிய பாட்டரி ஒன்றை மாட்டி ஸ்டார்ட்டரை அமுக்கிப் பார்ப்போமே என்பதுதான். மெக்கானிக் பாட்டரியை வண்டிக்குப் பக்கத்திலேயே வர விடவில்லை.

காரணத்தை அவர் விளக்கினார். இஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் நாலு ஸிலிண்டரில் ஏதாவது ஒன்றின் வால்வு திறந்திருக்கும். அதன் வழியே மலையடிவாரத்து ஈரக்காற்று உள்ளே புகுந்து ஸிலிண்டர் சுவரில் துருவை வளர்க்கும். பிஸ்டன் வளையங்கள் சுவரோடு ஒட்டிக் கொள்ளும். டாங்கியிலும் கார்புரேட்டரிலும் நின்ற பெட்ரோல் வற்றிப் பிசினாகும். அந்தப் பிசின் வால்வுத் தண்டுகளை வழிகாட்டிக் குழாய்களில் பசை போட்டதுபோல் பிடித்து வைத்திருக்கும். இந்த நிலையில் ஸ்டார்ட்டரின் பலத்தைக் காட்டினால் அசையாத வால்வைத் தள்ளப் போன புஷ் ராடு வளையும், வளையம் முறியும். துரு செய்யாத கெடுதலை மனிதனின் அவசரம் ஒரு நிமிஷத்தில் செய்துவிடும்.

ஆகவே, அவர் நாலு பிளக்குகளையும் கழற்றினார். மண்ணெண்ணெயும் இஞ்சின் எண்ணெயும் கலந்து ஒவ்வொரு துவாரத்திலும் ஊற்றினார். "இனி ஐந்து நாளைக்கு இந்தப் பக்கம் யாரும் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக் கொண்டார். ஆறாவது நாள் முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகி, உடம்பின் பாரத்தை அதன்மேல் போடாமல், குழந்தையின் கையைப் பிடித்து எழுப்புவதுபோல் மெதுவாக அசைத்தார். ஒரு விரற்கடை அசைந்தது. மறுபடி பின்னோக்கி; மறுபடி முன்னோக்கி. அரை மணி நேரத்தில் முழுச் சுற்றுச் சுற்றிற்று. உடையவர் கை தட்டினார். மெக்கானிக் முகத்தில் சந்தோஷம் இல்லை. "பானை உடையலைன்னு தெரியுது. மூடியைப் பற்றி இன்னும் தெரியாது" என்றார்.

ஒளிந்திருந்த போல்ட்

ஹெட்டைக் கழற்றுவதை நாம் அருகில் இருந்து பார்த்தோம். தண்ணீரை வடித்தார்கள். ராக்கர் தண்டை எடுத்தார்கள். புஷ் ராடுகளை உருவி, ஓர் அட்டையில் எண் போட்ட துளைகளில் வரிசையாகக் குத்தி வைத்தார்கள். ஒவ்வொன்றும் தன் இடத்தில் தேய்ந்து பழகியது, இடம் மாறக் கூடாது. பிறகு போல்ட்டுகளை ஒரேயடியாக அல்ல, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார்கள்.

எல்லா போல்ட்டும் வந்துவிட்டன. ஆனால் ஹெட் அசையவில்லை. கூட இருந்த சீடப் பையன், பதினெட்டு வயதிருக்கும், பெரிய திருப்புளி ஒன்றை எடுத்து இடுக்கில் செருகப் போனான்.

"டேய், நில்லு! எண்ணிப் பார்த்தியா?" என்றார் மெக்கானிக்.

பையன் எண்ணினான். ஒன்று குறைந்தது. எங்கே அது? இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தான், காணவில்லை. பெரியவர் சிரித்துக் கொண்டே கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த துவாரத்தைக் காட்டினார். இந்த இஞ்சினில் கலவை செல்லும் வழி ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றினால் அதன் கீழே, அந்த வழிக்குள்ளேயே, ஒரு போல்ட் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதை அறியாமல் நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உலகமெங்கும் உண்டு. இந்த வண்டியிலும் எப்போதோ ஒருவர் முயன்றிருக்கிறார் போலும்; ஹெட்டின் ஓரத்தில் உளி பட்ட வடு ஒன்று இருந்தது. நல்ல வேளையாக அந்த மனிதருக்குக் கைபலம் குறைவு.

அந்த போல்ட்டை எடுத்ததும், மரச் சுத்தியால் இரண்டு தட்டு, ஹெட் விடுபட்டது.

உள்ளே கண்ட காட்சி ஒரு சரித்திரப் புத்தகம். மூன்றாவது ஸிலிண்டரின் மேல் வால்வு பாதி திறந்தபடி இறுகியிருந்தது. அதன் வழியே வந்த ஈரம் அந்த ஸிலிண்டரில் மட்டும் செம்பழுப்பாகப் படிந்திருந்தது. தண்ணீர் வழிகளில் விரல் கனத்துக்குக் காவியும் சுண்ணாம்பும். அவற்றைப் பார்த்து மெக்கானிக் சொன்னார்: "மேட்டில் ஏறுகையில் கொதிச்சிருக்கு. ஓடைத் தண்ணியை மொண்டு ஊத்தியிருக்காங்க."

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள். முழுப் பாரத்தோடு கீழ்க் கியரில் ஏறும் வண்டிக்கு வேகமும் இல்லை, எதிர்க் காற்றும் இல்லை. ரேடியேட்டர் கொதிப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். வழியில் நிறுத்தி, கொதிக்கும் இஞ்சினில் சில்லென்ற தண்ணீரை ஊற்றுவதும் சாதாரணம். சுட்ட சட்டியில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? வார்ப்பிரும்புக்கும் அதே கதிதான். விரிசல் விட்டிருக்கிறதா என்பதுதான் இனிக் கேள்வி.

சுண்ணாம்புப் பொடி சொன்ன தீர்ப்பு

ஹெட்டில் விரிசல் என்றால் ஒருவாறு சமாளிக்கலாம். பிளாக்கில், புகை வால்வின் இருக்கைக்கும் ஸிலிண்டருக்கும் நடுவே விரிசல் என்றால் இரும்புக் கடைக்காரர் ஜயித்துவிடுவார். இரண்டாவது ஸிலிண்டரின் அருகில் ஒரு கோடு தெரிந்தது. கீறலா, விரிசலா?

சோதனை மிக எளியது. இடத்தை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் தடவி ஊற வைத்தார். பிறகு துணியால் ஈரம் போகத் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியைப் பொடி செய்து தூவினார். விரிசலாக இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் கறுத்த கோடாகத் தெரியும். ஹெட்டிலும் அப்படியே செய்தார். எல்லோரும் காத்திருந்தோம். உடையவரின் தாயார் அப்போதுதான் வந்து திண்ணை ஓரத்தில் நின்றார். ஒருவரும் பேசவில்லை.

பிளாக்கில் பொடி வெள்ளையாகவே இருந்தது. வெறும் கீறல்! ஆனால் ஹெட்டில், இரண்டு தண்ணீர்த் துவாரங்களுக்கு நடுவே, ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய கறுப்புக் கோடு எழுந்தது.

"அக்கா, பானை நல்லா இருக்கு. மூடிக்குத்தான் தையல் போடணும்" என்றார் மெக்கானிக்.

அவர் உவமைக்காகச் சொன்னதாக நாம் நினைத்தோம்; உண்மையில் அதன் பெயரே தையல்தான். வார்ப்பிரும்பைச் சாதாரணமாகப் பற்றவைத்தால் ஓரிடம் மட்டும் சுட்டு, பக்கத்தில் புது விரிசல் காணும். ஹெட் முழுவதையும் சூளையில் காய்ச்சிப் பற்றவைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அல்லது சூடே படாமல் தைக்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, நெடுகிலும் ஒன்றோடொன்று கவ்வும் திருகாணிகளை இறக்கி, மேற்பரப்பைச் சமன் செய்வது இந்தத் தையல். ஹெட் கோயமுத்தூருக்குப் பிரயாணமாயிற்று.

கோயமுத்தூர் இதற்கு ஏற்ற ஊர்தான். பள்ளியில் நிலைக்காத ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கி, யந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே கல்வி கற்ற ஊர் அது. அவர் பெயரால் 2015-இல் அங்கே ஒரு பழைய கார்க் காட்சிசாலையும் ஏற்பட்டிருக்கிறது. மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, டி. வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி கரி வாயுக் கருவிகளைச் செய்து பஸ்களை ஓட வைத்தது. இல்லை என்று கை விரிக்காமல், இருப்பதைக் கொண்டு ஓட்டுவது தென்னாட்டு மோட்டார்த் தொழிலின் பழைய குணம். கடல் கடந்தும் இதற்குச் சாட்சி உண்டு: க்யூபாவில் 1959 புரட்சிக்கு முன் வந்திறங்கிய அமெரிக்கக் கார்கள், புது வரத்து நின்ற பிறகும், கைத்திறமை ஒன்றையே நம்பித் தெருவில் ஓடி வந்திருக்கின்றன.

மீண்டும் பூட்டுதல்

ஹெட் திரும்பி வந்ததும் எஃகுச் சட்டத்தை அதன்மேல் நிறுத்தி, இடைவெளியில் மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகிப் பார்த்தார்கள், சமனாக இருந்தது. கோணலை நீக்கத் தேவையான அளவு மட்டுமே சீவியிருந்தார்கள். அதிகம் சீவினால் கலவை அளவுக்கு மீறி நசுங்கி இஞ்சின் தட்டும்.

மூன்றாவது வால்வு தேறவில்லை. தண்டில் துரு அரித்திருந்தது. அதற்கும் அதன் குழாய்க்கும் மதுரையிலிருந்து புதிது வந்தது. மற்ற வால்வுகளைப் பையன் உட்கார்ந்து அரைத்தான். இருக்கையில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர்க் குமிழ் வைத்த கழியால் வால்வைப் பிடித்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மோர் கடைவதுபோல் உருட்ட வேண்டும். சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழும் வரையில் விடக் கூடாது. பிறகு வழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை.

ஸிலிண்டர்த் துருவை மெருகுக் கல்லால் போக்கி, வளையங்களை மாற்றி, புதிய கேஸ்கட் வைத்து ஹெட்டை இறக்கினார்கள். முதலில் பூட்டியது அந்த ஒளிந்த போல்ட்டுக்கு இடம் இருக்கும்போதே அதைத்தான். இறுக்கும் முறை, கழற்றிய முறைக்கு நேர்மாறு: நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, மூன்று தவணைகளில், 60 முதல் 70 அடி-பவுண்டு வரையில். வால்வு இடைவெளியை, குளிர்ந்த இஞ்சினில், மேல் வால்வுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கும், பக்க வால்வுக்கு 16 பங்கும் வைத்தார்கள். பெட்ரோல் பம்பின் ரப்பரையும் குழாய்களையும் மாற்றினார்கள். இப்போது பெட்ரோலில் எதனால் கலந்து வருகிறது. அது பழைய ரப்பரைக் கெடுக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே, இக்காலத்துப் பெட்ரோலோடு வண்டியை நிறுத்தி வைப்பது முன்னைவிட ஆபத்து.

பிறகுதான் பாட்டரி வந்தது. முதல் முறை சுற்றிற்று, பிடிக்கவில்லை. இரண்டாம் முறை ஒரு தும்மல். மூன்றாம் முறை பிடித்துக் கொண்டது. ஊற்றிய எண்ணெயெல்லாம் எரிந்து கொட்டகை முழுவதும் வெண்புகை. புகை அடங்கியதும் இஞ்சின் ஒரே சீராக ஓடிற்று. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கேட்டுக் கொண்டு நின்றார். பிறகு, "டீ வைக்கிறேன், எல்லாரும் குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று உள்ளே போனார்.

உடையவருக்கு ஓர் ஆசை: உடனே மலையேறிப் பார்க்க வேண்டும். மெக்கானிக் ஒப்பவில்லை. சூடாகி ஆறிய பின் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். வால்வு இடைவெளியை மறுபடி பார்க்க வேண்டும். 500 கிலோமீட்டர் சமதரையில் பாரமில்லாமல் ஓட்ட வேண்டும். இதற்கிடையே சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐம்பது ஆண்டைத் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளைப் புராதன வண்டியாகப் பதிவு செய்ய மத்திய சர்க்கார் 2021-இல் விதி செய்திருக்கிறது. அப்படிப் பதிந்தால் கூலிக்கு ஓட்ட முடியாது. ஆனால், டீசல் இஞ்சினை மாட்டியிருந்தால் அந்தப் பதிவுக்கே வழி இருந்திராது. செலவுக் கணக்கைப் பார்த்தால், பழைய இரும்புக் கடைக்காரர் தருவதாகச் சொன்ன தொகையைவிட அதிகமே ஆகியிருக்கிறது என்பதை உடையவர் மறைக்கவில்லை.

வீட்டில் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டியவர்களுக்குப் பெரியவர் சொன்ன யோசனைகளை இங்கே தருகிறோம். பழைய இஞ்சின் எண்ணெயில் புளிப்பு ஏறியிருக்கும். நிறுத்துமுன் அதை மாற்றுங்கள். பெட்ரோலை வடித்துவிடுங்கள். ஒவ்வொரு ஸிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். புகைக்குழாய் வாயை எண்ணெய்த் துணியால் அடையுங்கள்; எலியும் வராது, ஈரமும் வராது. மாதம் ஒரு முறை கையால் இஞ்சினைச் சுற்றி வையுங்கள்.

நாம் விடை பெறும்போது பையன் ஒரு சிறு தூரிகையும் வெள்ளைப் பெயிண்டுமாகப் பானெட்டின் உட்புறத்தில் ஏதோ எழுதிக் கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தோம். 'கார்புரேட்டருக்குக் கீழே ஒரு போல்ட் இருக்கிறது. முதலில் அதைக் கழற்றவும்' என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழை ஒன்று இருந்ததைப் பெரியவர் கவனித்து, திருத்தச் சொன்னார்.